லிட்டருக்கு எட்டு மில்லி

மான் மோதி முகம் நசுங்கிய
சிவப்புக் கார் ஒன்றிலிருந்து எடுத்தேன் இந்த எஞ்சினை.
எழுநூறு டாலர்.
ரேடியேட்டரில் மானின் முடி இன்னும் ஒட்டியிருந்தது.

பிஸ்டன் கிடையாது. மேலும் கீழும் குதிக்கிற எதுவும் கிடையாது.
நிலக்கடலைத் தோடு போல நடுவில் இடுங்கிய அறை,
அதற்குள் வயிறு புடைத்த முக்கோணம்
சுற்றிக்கொண்டே இருக்கும்.
முனைக்கு ஒரு சீல்:
பள்ளிக்கூட ஸ்கேலில் ஒடித்தெடுத்த துண்டு மாதிரி,
இரண்டு மில்லிமீட்டர் இரும்பு.
முதுகில் ஒரு ஸ்பிரிங் தள்ளும். முகத்தில் சுவர் தேய்க்கும்.
இடையில் எண்ணெய்.

அந்த எண்ணெய் திரும்பி வருவதில்லை.
ஒருமுறை சுவரைத் தடவும்,
அடுத்த பொறியில் எரிந்து புகையாகும்.
அதற்கென்றே ஊற்றுகிறோம்.

கார்க்காரன் வைத்த பம்ப்
அடித்தொட்டியின் கறுத்த எண்ணெயை உறிஞ்சித்
துளித்துளியாய்த் தெளிக்கும்.
"பாத்திரம் கழுவின தண்ணியிலயா சமைக்கிறது?"
கழற்றி வீசினேன்.
"கம்பெனிக்காரன் முட்டாளா?"
பொறுக்கி வந்து பெஞ்சில் வைத்தான் கொழுந்தன் டாரில்.
மறுபடி வீசினேன்.
சஸ்காச்சுவானில் குளிர்காலம் நீளம்;
இப்படியே மூன்று போயின.

கடைசியில் நான் ஜெயித்தேன்.
எரியப் போவது சுத்தமாகவே எரியட்டும்,
பெட்ரோலிலேயே கலந்துவிடலாம்,
லிட்டருக்கு எட்டு மில்லி.
அளவுக் கோப்பையில் கோடு கிழித்தேன்.
டாங்கி மூடியில் எழுதி ஒட்டினேன்: கலந்தாச்சா?
"பம்ப் மறக்காது" என்றான்.
"நானும்தான்" என்றேன்.

ஆகஸ்டில் மேப்பிள் கிரீக் போயிருந்தேன்.
வீட்டை விற்பது பற்றிப் பேசிக்கொண்டே
விமானம் வரை நடந்து வந்தாள் தங்கை மார்னி.
நாற்பது லிட்டர் ஊற்றினேன்.
யார் பெயரில் எந்தப் பாதி என்று சொல்லும்போது அழுதுவிட்டாள்.
மூடியைத் திருகிவிட்டு
அவளைக் கட்டிக்கொண்டேன்.

இருபத்திரண்டாவது நிமிடம்
பேனாவுக்காகச் சட்டைப்பையில் கை விட்டால்
கோப்பை.
விரலால் துழாவினேன்.
காய்ந்திருந்தது.

சத்தம் மாறவில்லை, அதுதான் பயம்.
வெப்பமானி முள் நகரவில்லை.
கீழே அறுப்புக்குக் காத்திருக்கும் கனோலா, மேலே வெயில்,
எல்லாம் நல்லபடியாக இருந்தன.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன்.
கண்ணில் விட்டு என்ன,
விட வேண்டிய இடத்தில் விடாமல்?

சரளைச் சாலையொன்றில் இறக்கினேன்.
புழுதி அடங்குமுன் ஒரு பிக்கப் வண்டி.
ஹட்டரைட் பையன், கறுப்புத் தொப்பி,
எலியாஸ் வால்ட்னர் என்றான்.
அடிபட்டதா என்று அவன் கேட்க
எண்ணெய் இருக்கிறதா என்று நான் கேட்டேன்.
மரம் அறுக்கும் ரம்பத்துக்கு வைத்திருந்த நீல எண்ணெய்
சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது.
"விமானத்துக்குமா இது?"
"இந்த விமானத்துக்கு."
முந்நூறு மில்லி. கலங்க வேண்டுமே!
ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்து
தூளி ஆட்டுவது போல ஆட்டினோம்.
காசு வேண்டாமாம், உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்றான்.
உட்கார்ந்தான், கைகளை மடியில் வைத்துக்கொண்டு,
எதையும் தொடாமல்.

டிசம்பரில் எஞ்சினைப் பிரித்தேன்.
ஆறு சீலும் பிழைத்திருந்தன.
முதல் அறையின் சுவரில் மட்டும்,
இடுங்கிய இடத்துக்குச் சற்று மேலே,
கண்ணுக்குப் படாத ஒரு கோடு.
நகத்தை மெல்ல இழுத்தால்
அங்கே கொஞ்சம் தயங்கும்.

டாரிலும் இழுத்துப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லித் தொலைத்திருக்கலாம்.
பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய பம்பைத் தேடியெடுத்துத் துடைத்து,
அடித்தொட்டியிலிருந்து அதைப் பிரித்து,
புது எண்ணெய்க்கென்று தனியாய் ஒரு குட்டி டாங்கி இணைத்து
என் பக்கம் தள்ளினான்.

மாட்டிவிட்டேன்.
மூடியில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கவில்லை.
குட்டி டாங்கி நிரம்பியிருக்கிறதா என்று
இனி அதையும் பார்க்க வேண்டும்.